இருமல் மருந்துச் சீட்டில் எதைத் தேர்வது? பக்கவிளைவுகளை முன்வைத்து ஓர் ஒப்பீடு

“மருத்துவர் எழுதிக் கொடுத்த சிரப்பைக் குடித்தால் மறுநாள் மதியம்வரை தலை நிமிர்வதில்லை. குடிக்காமல் விட்டால் இரவெல்லாம் இருமல். வேறு மருந்து மாற்றித் தரச் சொல்லலாமா?” வாசகர்கள் எனக்கு அனுப்பும் கேள்விகளில் பாதி இந்த மாதிரிதான் இருக்கும். மாற்றித் தரச் சொல்லலாம், அதில் தயக்கம் தேவையில்லை. எதை விட்டு எதைக் கேட்பது என்பதுதான் சிக்கல். இருமல், சளிக்கென்று சீட்டில் எழுதப்படும் மருந்துகள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. ஒன்று மூளையில் வேலை செய்கிறது, ஒன்று இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, மற்றொன்று சளியின் பிசுபிசுப்பைக் குறைக்கிறது. ஒவ்வொன்றும் உடலைத் தொல்லைப்படுத்தும் விதமும் வேறு.

இதை நான் எழுதுவதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் என் தந்தைக்குச் சாதாரணச் சளி பிடித்தது. எழுதித் தரப்பட்ட மாத்திரையை இரண்டு நாள் சாப்பிட்டார். இரண்டாம் நாள் இரவு அவரால் சிறுநீர் கழிக்க முடியவில்லை. விடிவதற்குள் வயிறு கல்லாகிவிட, மருத்துவமனையில் குழாய் செருகித்தான் எடுத்தார்கள். அவருக்குப் பிராஸ்டேட் வீக்கம் இருந்தது. அந்த மாத்திரையில் இருந்த இரண்டு மருந்துகள் அத்தகையவர்களுக்குச் சிறுநீரை அடைக்கக் கூடியவை. அவருக்குப் பிராஸ்டேட் வீக்கம் உண்டா என்று யாரும் கேட்கவில்லை, எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை. அன்று தெரியாமல் போனதை இங்கே முழுமையாக எழுத முயல்கிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் பலனைப் பற்றி நேர்மையாகப் பேசிவிடலாம். சாதாரணச் சளியும் அதைத் தொடரும் இருமலும் பெரும்பாலும் வைரஸால் வருபவை, தாமாகவே ஆறுபவை. கீழே சொல்லப்போகும் எந்த மருந்தும் அந்த வைரஸைக் கொல்வதில்லை, நோயின் நாட்களைக் குறிப்பிடத்தக்க அளவு குறைப்பதும் இல்லை. திடீரெனத் தொடங்கும் இருமல் நோய் சராசரியாக ஏறத்தாழ 18 நாட்கள் நீடிக்கிறது என்று 2013இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு கணக்கிட்டது. அதே ஆய்வில், ஏழு முதல் ஒன்பது நாட்களில் சரியாகிவிட வேண்டும் என்று மக்கள் எதிர்பார்ப்பதும் தெரிந்தது. இடையில் இருக்கும் அந்த ஒன்பது பத்து நாட்களில்தான் ‘இந்த மருந்து கேட்கவில்லை, வேறு கொடுங்கள்’ என்ற பேச்சு எழுகிறது. மருந்து மேல் மருந்து சேர்வதும் அப்போதுதான்.

கிடைக்கும் நன்மை சிறியது என்பதால், தேர்வில் பக்கவிளைவுக்கே முதலிடம் கொடுக்கிறேன். புற்றுநோய் மருந்து என்றால் கடுமையான பக்கவிளைவையும் பொறுத்துக்கொள்வோம், ஈடாக உயிர் கிடைக்கிறது. இருமல் மருந்தில் ஈடாகக் கிடைப்பது சில இரவுகளின் தூக்கம். அதற்குத் தக்க விலையைத்தான் கொடுக்க வேண்டும்.

என் அளவுகோல்கள் ஐந்து. மூச்சையோ இதயத்தையோ மூளையையோ ஆபத்தில் தள்ளுமா என்பது முதலாவது. எத்தனை அரிதானாலும் அதை முதலில் பார்க்க வேண்டும். மறுநாள் வண்டி ஓட்டவும் வேலை செய்யவும் விடுமா என்பது இரண்டாவது. ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளோடு மோதுமா என்பது மூன்றாவது. வயது, கர்ப்பம், தாய்ப்பால், பிராஸ்டேட், கண் அழுத்தம், இரத்த அழுத்தம் போன்ற உடல்நிலைகள் நான்காவது. பழகிப்போய் விட முடியாமல் ஆகுமா என்பது கடைசி.

## கோடீன் கலந்த சிரப்

இருமலை அடக்குவதில் வலுவானது என்று பெயர் வாங்கிய மருந்து இது. அபினிலிருந்து 1832இல் பிரித்தெடுக்கப்பட்டது. மூளையின் இருமல் மையத்தை மந்தப்படுத்துகிறது. ஆனால் சளிக் காய்ச்சலோடு வரும் இருமலில், வெறும் இனிப்புத் திரவத்தைவிட இது அதிகம் வேலை செய்கிறது என்று கட்டுப்பாட்டு ஆய்வுகள் தெளிவாகக் காட்டவில்லை. இதைக் கேட்டால் பலரும் வியப்படைகிறார்கள்.

ஆபத்து எங்கே வருகிறது என்று கொஞ்சம் விளக்க வேண்டும். கோடீனின் வலு பெருமளவு கல்லீரலில்தான் பிறக்கிறது. அங்கே சிஒய்பி 2டி6 என்னும் நொதி அதன் ஒரு பகுதியை மார்ஃபீனாக மாற்றுகிறது. அந்த நொதி எல்லோரிடமும் ஒரே வேகத்தில் இயங்குவதில்லை, மரபணுவைப் பொறுத்தது. சிலருக்கு மிக மெதுவாக இயங்கும். அவர்களுக்குக் கோடீனால் பலன் ஏதும் தெரியாது, மலச்சிக்கலும் குமட்டலும் மட்டும் வரலாம். சிலருக்கு அதிவேகம். வழக்கமான அளவைக் குடித்தாலே அவர்கள் உடலில் மார்ஃபீன் மளமளவென்று சேர்ந்து மூச்சு மந்தமாகிவிடும். தாம் எந்த வகை என்பது பெரும்பாலோருக்குத் தெரியாது. பார்த்துச் சொல்லவும் முடியாது.

குழந்தைகளில் இது உயிரையே எடுத்திருக்கிறது. அதனால்தான் 12 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இருமல், சளிக்காகக் கோடீன் கூடாது என்று ஐரோப்பிய மருந்து முகமை 2015இல் அறிவித்தது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018இல் ஒருபடி மேலே போய், கோடீனோ அதே வகையைச் சேர்ந்த ஹைட்ரோகோடோனோ கலந்த இருமல் மருந்துகளை 18 வயது நிறையாத எவருக்கும் தரக் கூடாது என்று வரையறுத்தது. பாலூட்டும் தாய் கோடீன் எடுத்தால் மார்ஃபீன் பாலில் இறங்கும். தாய் அதிவேக வகையாக இருந்தால் குழந்தை பால் குடிக்கச் சக்தியின்றித் துவண்டுவிடும். பாலூட்டுபவர்கள் இதைத் தவிர்ப்பதே சரி.

பெரியவர்களிடம் மறைந்திருக்கும் விலை வேறு. தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான அல்ப்ரசோலாம், டயசெபாம், அல்லது மது இவற்றில் ஏதேனும் ஒன்றோடு கோடீன் சேர்ந்தால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக மூச்சை அழுத்தும். மலச்சிக்கல் பரவலாக வருவது. மூலநோய் உள்ளவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. நாள் செல்லச் செல்ல மருந்து பழகிவிடும், அதே பலனுக்கு அதிக அளவு தேவைப்படும். பிரிட்டன் 2024இல் கோடீன் இருமல் திரவத்தைச் சீட்டில்லாமல் வாங்க முடியாததாக மாற்றியது இந்தப் பழக்கத்தைக் கண்டு அஞ்சித்தான்.

கோடீனின் உறவினரான ஃபோல்கோடீன் பற்றி ஒரு வார்த்தை. பல நாடுகளில் வெகுகாலம் ‘மிதமான’ இருமல் மருந்தாக விற்கப்பட்டது. அதைக் குடித்தவர்களுக்குப் பின்னர் அறுவை சிகிச்சையின்போது கொடுக்கப்படும் தசைத் தளர்வு மருந்துகளால் கொடிய ஒவ்வாமை வரக்கூடும் என்று தெரிந்ததும், ஐரோப்பிய மருந்து முகமை 2022 இறுதியில் அதைச் சந்தையிலிருந்து விலக்கப் பரிந்துரைத்தது. குடித்துப் பல மாதங்கள் ஆன பின்னும் அந்த ஆபத்து இருந்தது. பழைய குப்பி எங்காவது கிடந்தால் அப்புறப்படுத்துங்கள். கடந்த 12 மாதங்களுக்குள் குடித்திருந்தால் மயக்க மருந்து நிபுணரிடம் சொல்லுங்கள்.

கோடீன் பொருந்தும் இடம் குறுகியது. நுரையீரல் புற்றுநோய் இருமல், விலா எலும்பு முறிந்தவர் இருமும்போது படும் வேதனை போன்றவற்றில், வயது வந்தவர்களுக்கு, மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பில், சில நாட்களுக்கு. வெறும் சளி இருமலுக்கு இதை எழுதினால் ‘இதைவிட லேசானது போதாதா?’ என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

## டெக்ஸ்ட்ரோமெத்தார்பன்

பெரும்பாலான ‘வறட்டு இருமல்’ சிரப்புகளின் உட்பொருள் இதுதான். 1958இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மருந்தளவில் மூச்சை மந்தப்படுத்துவதில்லை, மலச்சிக்கல் குறைவு, தூக்கக் கலக்கமும் கோடீனைவிடக் குறைவு. லேசான தலைச்சுற்றல், குமட்டல், வயிற்றுக் கோளாறு வரலாம். இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் இது நல்ல பிள்ளை.

ஆனால் மூன்றாவது அளவுகோலில் இது தடுமாறுகிறது. டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் மூளையில் செரடோனின் என்னும் நரம்புச் செய்தி வேதிப்பொருளின் அளவையும் தொடுகிறது. மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ ஃப்ளூவாக்ஸெடின், பராக்ஸெடின், செர்ட்ராலின், எஸ்சிட்டாலோபிராம் போன்றவற்றைச் சாப்பிடுபவர்களிடம் இது சேரும்போது செரடோனின் அளவு மீறிப்போகலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு, வயிற்றுப்போக்கு, தசை விறைப்பு, காய்ச்சல், குழப்பம் என அது வெளிப்படும். முற்றினால் உயிராபத்து. பராக்ஸெடினும் ஃப்ளூவாக்ஸெடினும் இன்னொரு தொல்லையும் தருகின்றன. இந்த மருந்தைச் சிதைக்கும் அதே 2டி6 நொதியை அவை முடக்குவதால், குடித்த சிரப் உடலில் தேங்குகிறது.

பார்க்கின்சன் நோய்க்கான செலிஜிலின், ரசாஜிலின், தொற்றுக்கான லினசோலிட் ஆகியவற்றோடு இதைச் சேர்க்கவே கூடாது. செலிஜிலின் வகையை நிறுத்திய பின்னும் 14 நாட்கள் இடைவெளி வேண்டும். வலிக்கு டிரமடால் சாப்பிடுபவர்களும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மனநல மருந்து சாப்பிடுவதைச் சளிக்குப் பார்க்கும் மருத்துவரிடம் சொல்லப் பலர் கூச்சப்படுகிறார்கள். தயவுசெய்து சொல்லுங்கள். உங்கள் சீட்டில் எந்தப் பெயர் வரும் என்பதையே அந்த ஒரு தகவல் மாற்றிவிடும்.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 120 மில்லிகிராம் என்பது இதன் உச்ச வரம்பு. அதைப் பலமடங்கு மீறிக் குடித்தால் மாயத் தோற்றங்கள் வரும். வளரிளம் பருவத்தினர் இதைப் போதைக்காகக் குடிப்பது உலகெங்கும் நடக்கிறது. புப்ரோபியானோடு சேர்த்து மனச்சோர்வு மருந்தாக இதற்கு அமெரிக்காவில் 2022இல் அனுமதி கிடைத்தது என்பதைச் சொன்னால் போதும், ‘வெறும் இருமல் சிரப்’ என்ற நினைப்பு அகன்றுவிடும்.

## மூளையைத் தொடாமல் இருமலைக் குறைப்பவை

லெவோட்ரோப்ரோபிசின் மூச்சுக்குழாயில் உள்ள நரம்பு முனைகளில் வேலை செய்வது. தூக்கக் கலக்கம் ஒப்பீட்டளவில் குறைவு, பழகிப்போவதில்லை. பகலில் வேலை செய்பவர்களுக்கு இது கிடைக்கும் நாடுகளில் கேட்டுப் பார்க்கத் தக்கது. கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், இரண்டு வயது நிறையாத குழந்தைகள், சளி மிகுதியாகச் சுரப்பவர்கள் ஆகியோருக்கு ஆகாது.

பென்சோனடேட் என்பது அமெரிக்காவில் எழுதப்படும் வழவழப்பான உருண்டை கேப்ஸ்யூல். நுரையீரலின் நரம்புகளை மரக்கச் செய்து இருமலைக் குறைக்கிறது. அதை முழுதாக விழுங்க வேண்டும். கடித்தாலோ சப்பினாலோ வாயும் தொண்டையும் மரத்து, விழுங்குவது மூச்சுக்குழாய்க்குள் போகலாம். குழந்தைகளின் கண்ணுக்கு அது மிட்டாய்தான். பத்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகள் தற்செயலாக விழுங்கி இறந்ததையடுத்து அமெரிக்க நிர்வாகம் 2010இல் எச்சரிக்கை விட்டது. சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதைத் தேர்வு செய்யவே வேண்டாம் என்பது என் கருத்து.

## தூக்கம் தரும் ஒவ்வாமை எதிர்ப்பு மருந்துகள்

குளோர்பெனிரமின், டைபென்ஹைட்ரமின், புரோமெத்தசின் ஆகியவை இந்தக் கூட்டம். ஒழுகும் மூக்கை உலர்த்தும், தும்மலை அடக்கும், தூங்க வைக்கும். மூக்கிலிருந்து சளி தொண்டைக்குள் இறங்கி இரவில் இருமல் வருபவர்களுக்கு இவை உண்மையிலேயே உதவும்.

உலர்த்தும் அந்தக் குணம் மூக்கோடு நிற்பதில்லை. வாய் வறளும், கண் மங்கும், மலம் இறுகும், சிறுநீர்ப்பை சுருங்க மறுக்கும். என் தந்தைக்கு நேர்ந்தது இதுதான். பிராஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்களும், கோணம் குறுகிய வகைக் கண் அழுத்த நோய் உள்ளவர்களும் இவற்றிலிருந்து விலகி நிற்க வேண்டும். முதியவர்களிடம் மனக்குழப்பம், தடுமாற்றம், விழுந்து எலும்பு முறிதல் வரை போகும். முதியோருக்கு ஆகாத மருந்துகளை வரிசைப்படுத்தும் அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பியர்ஸ் பட்டியலில் இவை வெகுநாட்களாக இடம்பெற்றிருக்கின்றன. முதியவர் ஒருவர் சளி மருந்து தொடங்கிய மறுநாள் முதல் சம்பந்தமில்லாமல் பேசினால், வயதைக் குறை சொல்வதற்கு முன் மாத்திரை அட்டையைப் பாருங்கள்.

தூக்கக் கலக்கம் இரவோடு போய்விடும் என்று நம்ப வேண்டாம். பெரியவர்களிடம் ஒருவேளைக் குளோர்பெனிரமினில் பாதி உடலைவிட்டு நீங்க ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகும். நேற்றிரவு குடித்தது இன்று காலை வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் உங்களோடு அமர்ந்திருக்கிறது. ‘எனக்குத் தூக்கமே வரவில்லை, தெளிவாக இருக்கிறேன்’ என்று சொல்பவரிடமும் எதிர்வினை வேகம் குறைந்திருக்கக் கூடும்.

குழந்தைகளில் இதற்கு நேர்மாறாகத் துள்ளலும் அழுகையும் வருவதுண்டு. இரண்டு வயது நிறையாத குழந்தைக்குப் புரோமெத்தசின் கூடவே கூடாது, மூச்சு நின்று போன நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன.

செடிரிசின், லெவோசெடிரிசின், ஃபெக்ஸோஃபெனடின் போன்ற புதிய தலைமுறை மருந்துகளில் இந்த உலர்த்தும் தொல்லை குறைவு. ஆனால் அவை ஒவ்வாமைக்கானவை, வைரஸ் சளியில் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. லெவோசெடிரிசினோடு மான்டெலுகாஸ்ட் சேர்ந்த மாத்திரை எழுதப்பட்டிருந்தால், உங்களுக்கு ஆஸ்துமாவோ ஒவ்வாமையோ இருப்பதாக மருத்துவர் கருதுகிறாரா என்று கேளுங்கள். மான்டெலுகாஸ்டால் கெட்ட கனவுகள், எரிச்சல், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் வரக்கூடும் என்று அமெரிக்க நிர்வாகம் 2020இல் மருந்துத் தாளில் கட்டமிட்டு அச்சிடப்படும் மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. சாதாரணச் சளிக்கு அந்த அபாயத்தை ஏற்க நியாயம் இல்லை.

## மூக்கடைப்பு நீக்கிகள்

இவை இரத்தக் குழாய்களைச் சுருக்கி வேலை செய்பவை. மூக்கில் மட்டும் சுருக்கினால் நல்லது, வாய்வழி போனவை உடல் முழுவதும் சுருக்குகின்றன. சூடோஎபிட்ரின் உண்மையாகவே மூக்கைத் திறக்கும். கூடவே இரத்த அழுத்தத்தை உயர்த்தும், நெஞ்சு படபடக்கும், இரவுத் தூக்கம் போகும், சிறுநீரையும் அடைக்கும். அரிதாக மூளை இரத்தக் குழாய்களையும் பாதிப்பதால், கட்டுக்குள் இல்லாத இரத்த அழுத்தமோ கடுமையான சிறுநீரக நோயோ உள்ளவர்களுக்கு இது கூடாது என்று ஐரோப்பிய மருந்து முகமை 2024இல் வரையறுத்தது. இதற்கு முன்னோடியாக விற்ற ஃபீனைல்புரோபனோலமின் மூளை இரத்தக் கசிவை உண்டாக்குவது தெரியவந்து, 2000ஆம் ஆண்டில் அதை விலக்கிக்கொள்ளுமாறு அமெரிக்க நிர்வாகம் நிறுவனங்களிடம் கேட்டது.

வாய்வழி ஃபீனைலெஃப்ரின் கதை வருத்தம் தருவது. எண்ணற்ற சளி மாத்திரைகளில் இருக்கும் இந்த மருந்து, வழக்கமாகத் தரப்படும் அளவில் மூக்கடைப்பை நீக்குவதில்லை என்று அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 2023 செப்டம்பரில் ஒருமனதாக முடிவு சொன்னது. பலன் இல்லாத ஒன்றுக்கு எந்தப் பக்கவிளைவும் அதிகப்படிதான். உங்கள் மாத்திரையில் இந்தப் பெயர் இருந்தால் அது இல்லாத ஒன்றைக் கேளுங்கள்.

சைலோமெட்டாசோலின், ஆக்ஸிமெட்டாசோலின் சொட்டுகளும் ஸ்பிரேக்களும் மூக்கோடு நின்றுவிடுவதால் பாதுகாப்பு கூடுதல். மூன்று முதல் ஐந்து நாட்களுக்குமேல் போட்டால் மூக்கு அதற்கு அடிமையாகி, மருந்து இறங்கியதும் முன்னைவிட மோசமாக அடைத்துக்கொள்ளும். தொடங்கும் நாளைக் குப்பியின் மேலேயே எழுதி வையுங்கள்.

## சளி இளக்கிகள்

அம்ப்ராக்சால், புரோம்ஹெக்சின், குவைஃபெனெசின், அசிட்டைல்சிஸ்டின் ஆகியவை இந்த வகை. தூக்கம் தராது, பழகாது, இரத்த அழுத்தத்தைத் தொடாது. வயிற்றெரிச்சல், குமட்டல் வரலாம், அதனால் குடல் புண் உள்ளவர்கள் கவனமாக இருக்க வேண்டும். அம்ப்ராக்சால், புரோம்ஹெக்சின் இரண்டிலும் மிக அரிதாகத் தோல் உரியும் கடுமையான ஒவ்வாமை வரக்கூடும் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2015இல் சேர்த்தது. உடலில் தடிப்போ வாயில் கொப்புளமோ தோன்றினால் அந்த வேளையோடு நிறுத்திவிட வேண்டும். இரண்டு வயது நிறையாத குழந்தைகளால் இளகிய சளியை இருமி வெளியேற்ற முடியாது, அவர்களுக்கு இவை வேண்டாம்.

இதில் பொதுவாக நடக்கும் தவறு ஒன்று: சளி இளக்கியையும் இருமல் அடக்கியையும் ஒரே சமயத்தில் எடுப்பது. ஒன்று சளியைக் கிளப்பிவிடுகிறது, மற்றொன்று அதைத் துப்பவிடாமல் தடுக்கிறது.

## ஒரே குப்பியில் பல மருந்துகள்

எனக்கு உள்ளபடியே அச்சம் தருவது கூட்டு மருந்துகள்தான். சளி இளக்கி, மூச்சுக்குழாய் விரிப்பான், ஒவ்வாமை எதிர்ப்பு, மூக்கடைப்பு நீக்கி, பாராசிட்டமால் எல்லாம் ஒன்றாகக் கலந்து வருகின்றன. உங்களுக்குத் தேவைப்படுவது அதில் ஒன்றாக இருக்கலாம், பக்கவிளைவு எல்லாவற்றிலிருந்தும் வரும். எதனால் படபடக்கிறது, எதனால் தூக்கம் வருகிறது என்று பிரித்தறியவும் முடியாது. ஆஸ்துமாவோ மூச்சிரைப்போ இல்லாதவருக்குச் சிரப்பில் வரும் மூச்சுக்குழாய் விரிப்பான்களான சால்பூட்டமாலும் டெர்பியூட்டலினும் கைநடுக்கத்தையும் நெஞ்சுப் படபடப்பையும் தவிர அதிகம் தருவதில்லை.

பாராசிட்டமால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 500 மில்லிகிராம் கலந்த சளி மாத்திரையை நாளுக்கு நான்கு வேளை எடுத்தால் 2,000 ஆகிறது. காய்ச்சலுக்கென்று தனியாக 650 மில்லிகிராம் மாத்திரை நான்கு வேளை எடுத்தால் 2,600. மொத்தம் 4,600. ஆரோக்கியமான பெரியவருக்கே ஒரு நாளின் உச்ச வரம்பு 4,000. தினமும் மது அருந்துபவர்களுக்கும் உடல் மெலிந்தவர்களுக்கும் அதைவிடக் குறைவாகவே இருக்க வேண்டும். கல்லீரல் சேதம் முதல் நாளில் தெரியாது. குமட்டல் வந்து போய், நன்றாகிவிட்டோம் என்று நினைக்கும்போது மஞ்சள் காமாலையாக வெளிப்படும்.

கூட்டு மருந்தின் ஒரே நல்ல பக்கம் வசதி. மாத்திரை எண்ணிக்கை குறையும். அதற்காக இத்தனையையும் ஏற்க நான் தயாரில்லை.

## ஆன்டிபயாட்டிக், ஸ்டீராய்டு

சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுவது மட்டும் பாக்டீரியாவுக்கு அடையாளம் இல்லை. தேவையின்றி எடுத்த ஆன்டிபயாட்டிக் வயிற்றுப்போக்கையும் தோல் தடிப்பையும் தரும். இதயத் துடிப்பின் லயத்தில் கோளாறு உள்ளவர்களுக்கு அசித்ரோமைசின் ஆபத்தாகலாம் என்று அமெரிக்க நிர்வாகம் 2013இல் எச்சரித்தது. ஆஸ்துமா இல்லாத பெரியவர்களின் திடீர் இருமலுக்கு ஐந்து நாள் பிரெட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டைக் கொடுத்துப் பார்த்த 2017ஆம் ஆண்டு ஆய்வில் பலன் ஏதும் தெரியவில்லை. நீரிழிவு உள்ளவர்களுக்கோ அது சர்க்கரையை ஏற்றிவிடும்.

## மருந்தில்லாமல் பொறுத்திருத்தல்

இதையும் ஒரு முழுத் தேர்வாகவே வைக்கிறேன். உப்புநீரால் மூக்கைக் கழுவுதல், வெந்நீர், தலையை உயர்த்திப் படுத்தல், படுக்கும் முன் ஒரு கரண்டி தேன். குழந்தைகளின் இரவு இருமலைத் தேன் ஓரளவு குறைக்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடாது, பொட்டுலிசம் என்னும் நஞ்சேறும் நோய் வரலாம். மூக்கு கழுவும் நீர் கொதித்து ஆறியதாக இருக்கட்டும். இந்தத் தேர்வின் மறைந்த விலை, தூக்கம் கெட்ட சில இரவுகளும் நிமோனியா போன்ற ஒன்றைச் சாதாரணச் சளி என்று நினைத்து நாளைக் கடத்திவிடும் வாய்ப்பும். கீழே சொல்லும் அபாய அறிகுறிகள் இல்லாதவரை ஆரோக்கியமான பெரியவர்களுக்கும் எல்லாச் சிறு குழந்தைகளுக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

## ஒரே பார்வையில்

| வகை | பெரிய ஆபத்து | அன்றாடத் தொல்லை | யாருக்கு வேண்டாம் | பொருந்தும் இடம் |
|---|---|---|---|---|
| கோடீன் | மூச்சு மந்தமாதல், பழகிப்போதல் | மலச்சிக்கல், தூக்கக் கலக்கம் | 18 வயது நிறையாதோர், பாலூட்டுவோர், தூக்க மாத்திரையோ மதுவோ எடுப்போர் | வேறு எதுவும் கேட்காத வேதனை தரும் இருமல் |
| டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் | செரடோனின் மிகுதல் | தலைச்சுற்றல், குமட்டல் | மனச்சோர்வு மருந்து, செலிஜிலின், லினசோலிட் எடுப்போர் | பெரியவர்களின் வறட்டு இருமல் |
| லெவோட்ரோப்ரோபிசின் | அரிதான ஒவ்வாமை | வயிற்றுக் கோளாறு | கர்ப்பிணிகள், பாலூட்டுவோர், சளி மிகுந்தோர் | பகலில் விழிப்பு தேவைப்படுவோர் |
| குளோர்பெனிரமின் வகை | முதியோரின் குழப்பம், சிறுநீர் அடைப்பு | தூக்கம், வாய் வறட்சி | முதியோர், பிராஸ்டேட், கண் அழுத்தம் | ஒழுகும் மூக்கும் இரவு இருமலும் |
| சூடோஎபிட்ரின் | இரத்த அழுத்தம், மூளை இரத்தக் குழாய் பாதிப்பு | படபடப்பு, தூக்கமின்மை | கட்டுக்குள் இல்லாத அழுத்தம், இதய நோய், கடும் சிறுநீரக நோய் | இளம் வயதினரின் கடும் மூக்கடைப்பு, சில நாட்கள் |
| சளி இளக்கிகள் | மிக அரிதான தோல் ஒவ்வாமை | வயிற்றெரிச்சல் | குடல் புண், 2 வயது நிறையாதோர் | கெட்டிச் சளியோடு இருமல் |

## உங்கள் நிலைக்கு

வாகனம் ஓட்டுபவர், இயந்திரத்தில் வேலை செய்பவர், தேர்வுக்குப் படிப்பவர் என்றால் கோடீனும் குளோர்பெனிரமின் வகையும் வேண்டாம். வறட்டு இருமலுக்கு லெவோட்ரோப்ரோபிசினோ டெக்ஸ்ட்ரோமெத்தார்பனோ கேளுங்கள். எதுவானாலும் முதல் வேளையை வண்டி எடுக்கத் தேவையில்லாத நேரத்தில் குடித்துப் பாருங்கள்.

அறுபத்தைந்து வயதைக் கடந்தவருக்கு, அதிலும் பிராஸ்டேட் வீக்கமோ இரத்த அழுத்தமோ இருந்தால், கூட்டு மாத்திரைகளை அறவே தவிர்த்து உப்புநீரும் தேவைப்பட்டால் சளி இளக்கியும் போதும் என்பேன். மனச்சோர்வு மருந்து எடுப்பவர் டெக்ஸ்ட்ரோமெத்தார்பனை விட்டுவிட வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் எந்த மருந்துக்கும் முன் தங்கள் நிலையைத் தாங்களே வாய்விட்டுச் சொல்லிவிடுவது நல்லது. ஆஸ்துமா உள்ளவரின் இருமல் பெரும்பாலும் ஆஸ்துமாவின் குரல். அதை அடக்காமல் ஆஸ்துமாவுக்கு மருத்துவம் பார்க்க வேண்டும்.

இரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில் சாப்பிடுபவர்களுக்குத் தனியாக ஒன்று. தொண்டையில் கிச்சுக்கிச்சு மூட்டுவது போன்ற வறட்டு இருமல் வாரக்கணக்கில் போகவில்லையா? அந்த மாத்திரையே காரணமாக இருக்கலாம். எத்தனை சிரப் குடித்தாலும் கேட்காது. தானாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொன்னால் மாற்று மருந்து தருவார். பெரும்பாலும் சில வாரங்களில் இருமல் அடங்கிவிடும்.

மருந்தை மாற்றக் கேட்கும்போது ‘இது ஒத்துக்கொள்ளவில்லை’ என்று மட்டும் சொன்னால் மருத்துவருக்குப் போதாது. குடித்து எத்தனை மணி நேரத்தில் என்ன ஆனது, எவ்வளவு நேரம் நீடித்தது, கூடவே வேறு என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று சொல்லுங்கள். சமையலறைக் கரண்டியால் ஊற்றினீர்களா, குப்பியோடு வந்த அளவு மூடியாலா என்பதையும் சொல்லுங்கள். மருந்தின் மேல் பழிபோகும் பல தொல்லைகள் கரண்டியின் அளவில் பிறந்தவை.

## காத்திருக்கக் கூடாத நேரங்கள்

தட்டி எழுப்பினாலும் விழிக்காத தூக்கம், மெதுவாகவோ விட்டுவிட்டோ வரும் மூச்சு, நீலம் பாய்ந்த உதடு, ஊசிமுனைபோல் சுருங்கிய கண்மணி இருந்தால், கோடீன் வகை மருந்தின் அளவு மீறியிருக்கலாம். உடனே அவசர மருத்துவ உதவியை அழையுங்கள். இதை முறிக்க நாலாக்சோன் என்னும் மருந்து உண்டு, நேரத்தில் கொடுத்தால் உயிர் மீளும். கடும் காய்ச்சலோடு தசை விறைப்பும் குழப்பமும், நெஞ்சு வலி, திடீரென இடிபோல் வரும் தலைவலி, முகமோ நாக்கோ வீங்குதல், ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் வராமல் அடிவயிறு உப்புதல் ஆகியவற்றுக்கும் உடனே அவசர உதவியை அழையுங்கள்.

மருந்தோடு தொடர்பில்லாத அறிகுறிகளும் உண்டு. சளியில் இரத்தம், மூச்சுத் திணறல், குறைந்து மீண்டும் ஏறும் காய்ச்சல், மூன்று வாரத்தைக் கடந்த இருமல், எடை குறைதல் ஆகியவற்றைச் சிரப்பால் மூடி மறைக்கக் கூடாது.

சிரப் குடித்த குழந்தைக்குச் சிறுநீர் குறைந்து, வாந்தியும் சோர்வும் வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள். இது பக்கவிளைவு இல்லை, நஞ்சாக இருக்கலாம். டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சு வேதிப்பொருள் கலந்த சிரப்புகளைப் பற்றி உலக சுகாதார அமைப்பு 2022 அக்டோபர் முதல் பலமுறை எச்சரித்திருக்கிறது. அது சிறுநீரகத்தைக் கடுமையாகத் தாக்கும். போகும்போது குப்பியைக் கழுவாமல், மிச்ச மருந்தோடு, தொகுதி எண் தெரியும் லேபிளோடு எடுத்துச் செல்லுங்கள். கடைசி வேளை எத்தனை மணிக்கு, எவ்வளவு என்பதை ஒரு தாளில் குறித்து மருத்துவரின் கையில் கொடுங்கள்.